தோல்வியை எழுதிய தளபதி

1891இல் பிரிஸ்டலில் பிறந்த வில்லியம் ஸ்லிம், முதல் உலகப்போரில் கல்லிப்போலியில் படுகாயமுற்றுப் பிழைத்தவர். பின்னர் இந்தியப் படையின் கூர்க்கா அணியில் சேர்ந்து, குவெட்டாப் படைத்துறைக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியின் இந்தியப் பகுதியே 1947இல் நம் வெல்லிங்டனுக்குப் பெயர்ந்தது. ஊதியம் போதாமையால் புனைபெயரில் சிறுகதைகளும் எழுதினார் என்பது நம்மவர்க்கு இனிக்கும் செய்தி.

1942 மார்ச்சில் பர்மாப் படைக்கு அவர் பொறுப்பேற்றபோது இரங்கூன் வீழ்ந்துவிட்டிருந்தது. நேசப்படைகள் ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கின. அதே காலத்தில் உடைமை இழந்து மலைவழியே நடந்துவந்த தமிழர் பல்லாயிரவர். வழியில் மாண்டோர்க்குக் கணக்கில்லை. படை வரலாறுகள் அவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

1944இல் ஜப்பானியரை இம்பால் சமவெளிவரை வரவிட்டுப் பொருதுவதே ஸ்லிம்மின் திட்டம். அது பலித்தது. ஆயினும் கோகிமாவை நோக்கி ஒரு ரெஜிமெண்ட் மட்டுமே வருமென மதிப்பிட்டிருந்தார். வந்ததோ முழு டிவிஷன். அங்கிருந்த சிறு காவற்படை இரு வாரம் தாங்கி நின்றதாலேயே அப்பிழை பேரழிவாகவில்லை. 1945 மார்ச்சில் மெய்க்டிலாவும் மாண்டலேயும், மே மாதத்தில் இரங்கூனும் மீண்டன.

இப்பிழையை 1956இல் வெளியான தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். வென்ற தளபதியர் நூல்களில் இஃது அரிது. ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநராகவும் விளங்கிய அவர் 1970 டிசம்பரில் மறைந்தார்.