சுல்தான் கலியேவ்: யுத்தம் கட்டிய அரசும் அது விழுங்கிய மனிதரும்

ரஷ்ய முஸ்லிம்களின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் படிப்பவர் எவரும் மிர்செய்த் சுல்தான் கலியேவ் என்ற பெயரைக் கடந்து செல்ல முடியாது. சோவியத் ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளில் அதன் உயர்மட்டம்வரை சென்ற முஸ்லிம் அவர். அந்த ஆட்சியே கைது செய்த முதலாவது முக்கிய கட்சித் தலைவர்களில் ஒருவரும் அவர்தான். சோவியத் அரசில் எல்லா அதிகாரமும் மொஸ்கோவில் குவிந்தது எப்படி என்பதை அவரது வாழ்க்கை வழியாகப் பார்த்தால் தெளிவாக விளங்கும்.

1892இல் அன்றைய ஊஃபா மாகாணத்திலுள்ள ஒரு தாத்தாரியக் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை ஓர் ஆசிரியர். மகனும் கசான் நகரிலிருந்த தாத்தாரிய ஆசிரியர் கலாசாலையில் பயின்று 1911இல் வெளியேறினார். கிராமப் பாடசாலையில் கற்பித்தார், நூலகத்தில் பணிபுரிந்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். 1897ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படி ரஷ்யப் பேரரசில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அவர்களது மொழிக்கும் நிலத்துக்கும் மார்க்கத்துக்கும் ஸார் ஆட்சி இழைத்த அநீதியைப் பார்த்தே அவர் அரசியலுக்கு வந்தார்.

1917இல் ஸார் ஆட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் கசானில் முல்லாநூர் வாஹிதோவ் என்ற இளைஞரின் முஸ்லிம் சோஷலிசக் குழுவில் இணைந்த சுல்தான் கலியேவ், போல்ஷெவிக் கட்சியிலும் சேர்ந்தார். ஆட்சியைக் கைப்பற்றிய சில வாரங்களுக்குள் லெனினும் ஸ்டாலினும் ரஷ்யாவினதும் கிழக்கினதும் முஸ்லிம்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார்கள். உங்கள் நம்பிக்கையும் பழக்கவழக்கங்களும் இனிச் சுதந்திரமானவை, உங்கள் வாழ்வை நீங்களே அமைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். 1869இல் சமர்கந்திலிருந்து ஸார் அதிகாரிகள் எடுத்துச் சென்றிருந்த, உஸ்மான் (ரழி) அவர்களுடையது எனக் கருதப்படும் அல்குர்ஆன் பிரதியும் முஸ்லிம்களிடம் திருப்பிக் கையளிக்கப்பட்டது. 1918 மார்ச்சில் தாத்தார்-பஷ்கீர் சோவியத் குடியரசு ஒன்றை அமைப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. இந்த வாக்குறுதிகளை சுல்தான் கலியேவ் நம்பினார். அதே காலத்தில் கசானில் போல்ஷெவிக்குகளுக்கு வெளியே தன்னாட்சி கேட்ட முஸ்லிம் தலைவர்கள் அடக்கப்பட்டபோது, அவர் ஆட்சியின் பக்கமே நின்றார்.

அடுத்த சில மாதங்களில் உள்நாட்டு யுத்தம் வொல்கா நதிக்கரைக்கு வந்தது. 1918 ஓகஸ்டில் செக் படையணியும் வெண்படையினரும் கசானைக் கைப்பற்றினர். வாஹிதோவ் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் ட்ரொட்ஸ்கியின் செம்படை நகரை மீட்டது. வாஹிதோவ் விட்டுச்சென்ற பொறுப்புகள் சுல்தான் கலியேவின் தோளில் விழுந்தன. மத்திய முஸ்லிம் இராணுவச் சபையின் தலைவராகி, தாத்தாரியரையும் பஷ்கீரியரையும் செம்படைக்குத் திரட்டினார். அட்மிரல் கொல்சாக்கின் படை கிழக்கிலிருந்து முன்னேறியபோது இந்த முஸ்லிம் படைப்பிரிவுகளின் பங்கு சிறியதல்ல. வெண்படைத் தளபதிகள் சிறுபான்மையினருக்கு எந்தத் தன்னாட்சியும் தரத் தயாராக இருக்கவில்லை. அதனால் பஷ்கீரியத் தலைவர் ஸெக்கி வலிதியும் 1919 ஆரம்பத்தில் தன் படையோடு செம்படைப் பக்கம் மாறினார்.

அந்த யுத்தம் அரசின் உருவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடு மிக்க ஒரே கட்சி வேண்டும் என்ற எண்ணம் போல்ஷெவிக்குகளிடம் முன்பே இருந்தது உண்மை. ஆனால் 1917இல் அவர்கள் முன்வைத்தது, தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர் சோவியத்துகளுக்கே அதிகாரம் என்பதாகும். யுத்தமுனைகளை அண்டிய இடங்களில் அந்தச் சோவியத்துகளுக்குப் பதிலாக, மேலிருந்து நியமிக்கப்பட்ட புரட்சிக் குழுக்கள் வந்தன. தொண்டர் படையாகத் தொடங்கிய செம்படை கட்டாய ஆட்சேர்ப்புக்கு மாறி, 1920 இறுதியில் ஏறத்தாழ 50 இலட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. அந்தப் படைக்கும் நகரங்களுக்கும் உணவளிக்க, எந்த மாகாணம் எவ்வளவு தானியம் தரவேண்டும் என்பதை 1919 ஜனவரியிலிருந்து மத்திய அரசே தீர்மானித்தது. ஆயுதம் ஏந்திய குழுக்கள் கிராமங்களுக்குச் சென்று அதை அறவிட்டன. பெரிய தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. நீதிமன்ற விசாரணையின்றித் தண்டிக்கும் அதிகாரம் செக்கா என்ற இரகசியப் பொலிஸின் கையில் இருந்தது. 1919 மார்ச்சில் கூடிய எட்டாவது கட்சி மாநாடு, நாள்தோறும் முடிவெடுக்கும் பொறுப்பைச் சிலரே கொண்ட பொலிட்பீரோவிடம் கொடுத்தது. தேசிய இனங்களுக்கெனத் தனிக் கட்சிகள் இருக்க முடியாது என்றும் முடிவாயிற்று.

சுல்தான் கலியேவின் தோழர்கள் அந்த முடிவை முன்பே அனுபவித்திருந்தார்கள். 1918இல் அவர்கள் முஸ்லிம் கம்யூனிஸ்டுகளுக்கென ஒரு கட்சியை அமைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது மத்திய குழுவின் கீழ் இயங்கும் ஒரு பணியகமாகச் சுருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் பெயரிலிருந்து முஸ்லிம் என்ற சொல்லும் அகற்றப்பட்டது. யுத்தம் நடக்கும்போது ஒரே கட்டளைதான் இருக்கவேண்டும் என்ற வாதத்துக்கு எதிராகப் பேசுவது அன்று இலகுவாக இருக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் நிலைமை மாறும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

ஆனால் கிழக்கில் வெற்றி உறுதியானபோதுதான் வாக்குறுதிகள் திரும்பப் பெறப்பட்டன. கொல்சாக்கின் படை சிதறிக்கொண்டிருந்த 1919 டிசெம்பரில் தாத்தார்-பஷ்கீர் குடியரசுத் திட்டம் கைவிடப்பட்டது. 1920 மே மாதத்தில் தாத்தாரியருக்கு ஒரு சிறிய தன்னாட்சிக் குடியரசு கிடைத்தது. தாத்தாரியரில் பெரும்பகுதியினர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார்கள். அதே மாதம் வெளியான இன்னொரு ஆணை, பஷ்கீரியக் குடியரசின் படை, நிதி, உணவு போன்ற துறைகளை மொஸ்கோவின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வலிதி வெளியேறி மத்திய ஆசியாவில் சோவியத்துக்கு எதிராகப் போராடியவர்களுடன் இணைந்தார். சுல்தான் கலியேவ் உள்ளேயே இருந்து போராடத் தீர்மானித்தார்.

தேசிய இனங்களுக்கான அமைச்சில் ஸ்டாலினின் கீழ் அவர் உயர்பதவி வகித்தார். 1921இல் கிரிமியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கு நடந்த கூட்டுக் கொலைகளையும் தாத்தாரிய விவசாயிகளின் பசியையும் மறைக்காமல் மொஸ்கோவுக்கு அறிக்கையாக எழுதினார். முஸ்லிம்களிடையே மதத்துக்கு எதிரான முரட்டுத்தனமான பிரசாரம் வேண்டாம் என்றும் எழுதினார். அவர் நாத்திகக் கொள்கை கொண்ட கட்சியொன்றின் உறுப்பினர் என்பதை நாம் மறக்கத் தேவையில்லை. தன் மக்களின் மனதை மொஸ்கோ புரிந்துகொள்ளவில்லை என்பதே அவரது கவலை. அதே காலத்தில் வொல்காப் பகுதியில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. வறட்சி ஒரு காரணம். விதை தானியத்தையும் விட்டுவைக்காத யுத்தகால அறவீடு இன்னொரு காரணம்.

1921 மார்ச்சில் தானிய அறவீடு நிறுத்தப்பட்டு அதற்குப் பதிலாக வரி வந்தது. சந்தை திறக்கப்பட்டது. ஆனால் பொருளாதாரத்தில் தளர்ந்த பிடி, அரசியலில் தளரவில்லை. அதே மாதம் கூடிய பத்தாவது மாநாடு கட்சிக்குள் அணிசேர்வதைத் தடைசெய்தது. 1922 ஏப்ரலில் பொதுச் செயலாளரான ஸ்டாலினின் கையில், யுத்தகாலத்தில் பழகிப்போன மேலிருந்து நியமிக்கும் முறை பலமான ஆயுதமாக மாறியது. அந்த ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் அமைக்கப்பட்டபோது, சில இனங்களுக்கு ஒன்றியக் குடியரசும் மற்றவற்றுக்குத் தன்னாட்சி மட்டும் எனப் பிரிப்பதை சுல்தான் கலியேவ் வெளிப்படையாக எதிர்த்தார். ஒரே வீட்டில் சொந்தப் பிள்ளை, மாற்றாந்தாய்ப் பிள்ளை என்ற பாகுபாடாக அவர் அதைக் கண்டார்.

1923 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். வலிதியுடன் இரகசியத் தொடர்பு வைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஜூனில் கூட்டப்பட்ட விசேட கூட்டத்தில் ஸ்டாலின் அவரைக் கண்டித்தார். விடுதலை கிடைத்தது, ஆனால் கட்சியில் இடமில்லை. அவரது பெயரே ஒரு குற்றமாக மாறி, சுல்தான்கலியேவிசம் என்ற முத்திரை பல முஸ்லிம் அறிவாளிகள் மீது குத்தப்பட்டது. 1928இல் மீண்டும் கைதானார். மரண தண்டனை பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டு 1934இல் வெளியே வந்தார். 1937இல் மூன்றாவது முறையாகக் கைதாகி, 1940 ஜனவரி 28ஆம் திகதி மொஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என அரசு ஏற்றுக்கொண்டது 1990இல்தான்.

நெருக்கடி காலத்தில் பலமான மத்திய அரசு தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். அந்த நெருக்கடியில் வெண்படை வென்றிருந்தாலும் ரஷ்ய முஸ்லிம்களுக்குத் தன்னாட்சி கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை எப்போது, யாரிடம் திருப்பித் தரவேண்டும் என்று அன்று எவரும் எழுதிவைக்கவில்லை. அதைக் கேட்கக்கூடிய கட்சிகளும் உள்ளூர்ச் சபைகளும் அமைப்புகளும் யுத்தத்தின் பெயராலேயே கலைக்கப்பட்டிருந்தன. சுல்தான் கலியேவ் 1922இல் தன் மக்களுக்காக எழுந்து பேசியபோது, அவருக்குப் பின்னால் நிற்க எந்த அமைப்பும் மிஞ்சியிருக்கவில்லை. அவற்றில் சில கலைக்கப்பட்டபோது அவரும் அரசின் பக்கம் நின்றிருந்தார். தன் சமூகத்தின் உரிமைக்காக அரசோடு இணைந்து பணியாற்ற விரும்பும் எவரும் அவரது வாழ்க்கையில் முதலில் படிக்கவேண்டிய பக்கம் இதுதான்.