காந்தத்தால் மூலக்கூறை ஆராய்ந்த தமிழர்

தமிழகம் உலகிற்கு அளித்த அறிவியல் மேதைகளுள் சர் கே. எஸ். கிருஷ்ணனும் ஒருவர். இவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனிடம் சேர்ந்து, 1928-இல் இராமன் விளைவைக் கண்டறியும் பணியில் அவருடன் இரவுபகலாக உழைத்தார். 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனோ அதற்கு முன்பே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, காந்தவியலில் தமக்கெனப் புதுவழி அமைக்கத் தொடங்கியிருந்தார்.

காந்தத்திற்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். நாம் வகுப்பில் புள்ளி வைத்து வரையும் படத்தில் அதன் எலக்ட்ரான்கள் யாவும் இணை இணையாகவே உள்ளன. அப்படியானால் காந்தம் அதை ஈர்க்கக் கூடாது. ஆனால் திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கிடையே ஒட்டி நிற்கிறது!

இப்புதிரை விடுவித்தது மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை. இதன்படி எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதற்கும் உரியவை. அவற்றுள் சில அணுக்களைப் பிணைக்கும். சில அப்பிணைப்பைத் தளர்த்தும். முதல் வகையின் எண்ணிக்கையிலிருந்து இரண்டாம் வகையைக் கழித்து, இரண்டால் வகுத்தால் வருவதே பிணைப்புத் தரம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 12. அவற்றுள் பிணைப்பவை 8, தளர்த்துபவை 4, தரம் 2. தளர்த்துபவற்றுள் இரண்டு, இணையின்றித் தனித்து நிற்பதால்தான் காந்தம் ஈர்க்கிறது. நைட்ரஜனில் பிணைப்பவை 8, தளர்த்துபவை 2, தரம் 3. தனித்து நிற்பது எதுவுமில்லை. ஆதலால் காந்தம் அதை ஈர்ப்பதில்லை.

இவ்வாறு எலக்ட்ரான்களின் நிலையைக் காந்தம் காட்டிக்கொடுக்கிறது. கிருஷ்ணன் இதே முறையில் படிகங்களை ஆராய்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அது திரும்புவதை நுட்பமாக அளந்தார். அந்துருண்டையாகிய நாப்தலீனின் மூலக்கூறு தட்டையான வளையங்களால் ஆனது. வளையத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் அதன் காந்த விலக்கம் மிகுதி என்பது தெளிவாயிற்று. எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் உலவுவதே இதற்குக் காரணம் என, 1937-இல் பிரிட்ஸ் லண்டன் என்ற அறிஞர் ஆர்பிட்டால் கொள்கையைக் கொண்டு விளக்கினார்.

1940-இல் கிருஷ்ணன் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1961-இல் மறைந்தார்.

பரிசு பிறருக்குச் சென்றபோதும் அவர் ஆய்வு நின்றுவிடவில்லை. அவரும் சிற்றூரில் பிறந்தவரே. திருவாலங்காடு போன்ற ஊர்களில் வாழும் நாமும் பரிசை எண்ணாது, பாடத்தில் எழும் ஐயங்களைத் துணிந்து கேட்டு, அவர் வழியில் அறிவு தேடுவோமாக!