சின்ன மீன் பெரிய மீனை விழுங்கிய கதை: யார் இந்த ரெக் ஆன்செட்?

பெரிய நிறுவனங்களுக்கு நடுவே ஒரு சின்ன விமான நிறுவனம் தாக்குப்பிடிக்குமா? ஆஸ்திரேலியாவின் ரெஜினால்ட் ஆன்செட் தாக்குப்பிடித்தார். எப்படி என்பதுதான் சுவாரஸ்யம்.

1909-ல் பிறந்தவர். விக்டோரியா மாகாணத்தின் ஹாமில்டன் ஊரில் பழைய ஸ்டூட்பேக்கர் காரில் ஆள் ஏற்றிப் பிழைத்தார். ரயிலுக்குப் போட்டியா என்று மாகாண அரசு சட்டம் போட்டுச் சாலைப் போக்குவரத்தை முடக்கியது. வானத்துக்கு அந்தச் சட்டம் செல்லாதே! 1936 பிப்ரவரியில் ஹாமில்டனில் இருந்து மெல்போர்னுக்கு ஒற்றை ஃபோக்கர் விமானத்தைப் பறக்கவிட்டார்.

போருக்குப் பிறகு நிலைமை மோசம். ஒரு பக்கம் கப்பல் கம்பெனிகள் பணம் போட்ட ஏ.என்.ஏ., மறுபக்கம் அரசின் டி.ஏ.ஏ. ஆன்செட் மூன்றாவது ஆள்தான். ஆனால் அவர் விமானத்தை மட்டும் நம்பவில்லை. பஸ், ஹோட்டல், ஹேமன் தீவில் சொகுசு விடுதி என்று கிளை பரப்பியிருந்தார். கட்டணத்தையும் குறைத்தார்.

அரசு நிறுவனத்துடன் மோதி ஏ.என்.ஏ. நஷ்டத்தில் தள்ளாடியது. 1957-ல் அதன் தலைவர் ஐவன் ஹோலிமன் இறந்துபோக, தன்னைவிடப் பல மடங்கு பெரிய அந்த நிறுவனத்தை 33 லட்சம் பவுண்டுக்கு ஆன்செட் வாங்கிவிட்டார்!

அதன்பின் அவரைக் காத்தது சாமர்த்தியம் மட்டுமல்ல. முக்கிய வழித்தடங்களில் இரண்டே நிறுவனங்கள் என்பது அரசின் கொள்கை. ஒரு காலத்தில் சட்டத்தால் துரத்தப்பட்டவர், இப்போது அதன் நிழலில் வளர்ந்தார். சின்ன நிறுவனங்களை அவரே வாங்கிப்போட்டார்.

கடைசியில் அவர் கம்பெனிக்கும் அதே கதிதான். 1979-ல் டி.என்.டி.யும் ரூபர்ட் முர்டாக்கும் பங்குகளை வளைக்க, கட்டுப்பாடு கைநழுவியது. 1981-ல் ஆன்செட் காலமானார். அவர் பெயர் தாங்கிய விமானங்கள் 2001 வரை வர்த்தகப் போட்டியில் தாக்குப்பிடித்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் திவாலாகித் தரையிறங்கின.