டேர்பன் துறைமுகத்திற் காந்தியடிகள்

காந்தியடிகள் வரலாற்றை மாணாக்கர்க்குப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். 1893 ஆம் ஆண்டிலே பீற்றர்மாரிற்ஸ்பேக் புகையிரத நிலையத்தில் அவர் வண்டியினின்றும் தள்ளப்பட்ட கதையை அறியாதார் இலர். மூன்றரை ஆண்டு கழித்து அவரும் உடன் வந்தோரும் கப்பலினின்றும் இறங்க விடப்படாதிருந்த செய்தியைக் கேட்டாலோ பலரும் விழிக்கின்றனர். முன்னையது நிறத்தின் பெயரால் வெளிப்படையாக நிகழ்ந்தது; பின்னையது மருத்துவத்தின் பெயரால் நிகழ்ந்தது. என் மதிப்பிற் பின்னையதே கூர்ந்து கற்றற்குரியது.

மனைவி மக்களை அழைத்துச் செல்லும் நோக்குடன் 1896 ஆம் ஆண்டின் நடுவில் அவர் இந்தியா மீண்டார். மீண்டவர், நேட்டால் இந்தியரின் குறைகளைக் கூறும் பச்சை அட்டைச் சிறுநூல் ஒன்றை ராஜ்கோட்டில் வெளியிட்டார். அந்நூலின் சாரமென ஒரு திரிந்த செய்தி தந்தி வழியே நேட்டாலை எட்டவே, ஆங்குள்ள வெள்ளையர் சினந்தனர். அவ்வாண்டு பம்பாயிற் பிளேக் நோய் தோன்றியது. நோய் ராஜ்கோட்டிற் புகாதிருக்கும் பொருட்டு அடிகள் வீடுதோறும் சென்று மலசலகூடங்களைப் பார்வையிட்டார். செல்வர் இல்லங்களினும் தீண்டாதார் எனப்பட்டோர் குடியிருப்புத் துப்புரவாயிருக்கக் கண்டார். நோயைத் தடுக்க உழைத்த இவரே சில திங்களில் நோய் கொணர்பவராக எண்ணப்பட்டார் என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

நவம்பர் இறுதியில் அவர் குடும்பத்துடன் கூர்லண்ட் என்னும் கப்பலில் ஏறினார். அக்கப்பல் தாதா அப்துல்லா என்னும் வணிகருடையது. நாதேரி என்னும் மற்றொரு கப்பலும் அதே காலத்திற் புறப்பட்டது. இரண்டிலும் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். டிசம்பர் 18 ஆம் நாள் கப்பல்கள் டேர்பனை அடைந்தன. வழியில் ஒருவரேனும் நோயுற்றிலர். ஆயினும், பம்பாயை விட்டு 23 நாள் நிறையும்வரை ஒருவரும் இறங்கலாகாது என விதிக்கப்பட்டது. அந்நாள் நிறைந்த பின்னரும் விடுதலை கிடைத்திலது. பழந்துணிகளையும் பாய்களையும் எரிக்கச் செய்தனர், புகையூட்டினர், நாட்கணக்கைப் புதிதாகத் தொடங்கினர். பிளேக் நோயின் கிருமியை 1894 இலே யெர்சின் கொங்கொங்கிற் கண்டிருந்தார்; எலியின் தெள்ளே அதனைப் பரப்புவது என்பதைச் சீமொன் காட்டியதோ 1898 இலேதான். தொற்றிய ஒருவனுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துள் நோய் வெளிப்பட்டுவிடும் என்பது இன்று தெளிவு. அறியாமையால் நேர்ந்த நீட்டிப்பாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நாட்களில் டேர்பன் நகர மண்டபத்திலே கூட்டங்கள் நடைபெற்றன. பயணிகள் திரும்பிச் செல்லின் செலவைத் தருவதாகவும், இறங்கின் கடலில் தள்ளுவதாகவும் சொல்லியனுப்பினர். அரசாங்கத்தின் சட்டத்துறைத் தலைவர் எஸ்கோம் என்பாரும் அக்கிளர்ச்சியாளர் பக்கமே நின்றார். நோய்க்கு அஞ்சியவர்கள், நோயின்மை தெளிந்தபின் கலைந்திருத்தல் வேண்டுமன்றோ? அவர்கள் கலைந்திலர்.

தொற்று வேறு, தீட்டு வேறு. தொற்றுக்கு நாட்கணக்கு உண்டு.

1897 ஜனவரி 13 ஆம் நாள் பயணிகள் இறங்கினர். அப்போது கருவுற்றிருந்த கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் ருஸ்தம்ஜி என்னும் பார்சியர் இல்லத்திற்கு வண்டியில் முன்னே சென்றனர். லாட்டன் என்னும் ஆங்கில வழக்கறிஞருடன் அடிகள் நடந்து சென்றார். கூட்டத்தினர் அவரை இனங்கண்டு லாட்டனைப் பிரித்துவிட்டுக் கல்லும் அழுகிய முட்டையும் எறிந்தனர், உதைத்தனர். மயங்கி ஒரு வீட்டின் கம்பி வேலியைப் பற்றி நின்றவரை, அவ்வழியே வந்த பொலிஸ் அதிபர் அலெக்சாந்தரின் மனைவியார் தம் குடையை விரித்து இடைநின்று காத்தார். அன்றிரவு ருஸ்தம்ஜியின் வீட்டையும் கூட்டம் சூழ்ந்துகொள்ள, இந்தியக் காவலர் வேடம் பூண்டு தப்ப நேர்ந்தது. தாக்கியோர்மீது வழக்குத் தொடுக்கலாம் என லண்டனிலிருந்து அமைச்சர் சேம்பர்லேன் அறிவித்தும் அடிகள் இசைந்திலர்.

அவ்வாண்டே நேட்டாற் சட்டசபை குடிவரவுத் தடைச் சட்டமும் புதிய தொற்றுத்தடைச் சட்டமும் இயற்றியது. கொடிய தொற்றுநோயுடையார் விலக்கப்பட்டனர். ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுத இயலாதாரும் விலக்கப்பட்டனர். தொல்காப்பியம் முழுதும் கற்ற புலவரொருவர் அத்துறைமுகத்தில் எழுத்தறியாதவராக நின்றிருப்பார்! கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வருவோர்க்கு மாத்திரம் அச்சோதனை இல்லை. அவர்களிற் பலர் தமிழர். இம்முறையைப் பின்பற்றி 1901 இல் அவுஸ்திரேலியாவும் மொழிச் சோதனை வகுத்தது. நம் மலையகத் தோட்டங்களுக்கு வந்தோரும் மண்டபம் முகாமிலே தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே இலங்கைக்குள் விடப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1904 இல் ஜொகன்னஸ்பேக்கிற் பிளேக் நோய் மெய்யாகவே வந்தது. பொற்சுரங்கத்தில் வேலைசெய்த இந்தியர் 23 பேர் நோயுற்றனர். அடிகள் சில நண்பருடன் வெறுமையாயிருந்த வீடொன்றைத் திறந்து அவர்களை ஆங்கே கிடத்தி இரவெல்லாம் பணிபுரிந்தார். பெரும்பாலோர் இறந்தனர். இந்தியர் குடியிருப்பை நகராட்சியார் தீயிட்டு அழித்தனர்.

பிற்காலத்தில், தொழுநோயால் எங்கும் இடம்பெறாத பர்சூரே சாத்திரியார் என்னும் வடமொழிப் பண்டிதர் சேவாக்கிராமத்திற்கு வந்தார். அடிகள் தம் குடிசைக்கு அருகே அவருக்கு ஒரு குடிசை அமைத்து, அவர்தம் புண்களைத் தாமே கழுவி, உடம்பைப் பிடித்துவிட்டு வந்தார்.