அல் கபோன்: கேங்ஸ்டர் கதை வில்லன்களின் 'ஒரிஜினல்' மாட்டியது எப்படி?

கேங்ஸ்டர் கதை எதை எடுத்தாலும் அதில் ஒரு எதிர் கேங் தலைவன் இருப்பான். வாயில் சுருட்டு, விலை உயர்ந்த சூட், சுற்றிலும் அடியாட்கள். ஹீரோவின் ஏரியா மொத்தமும் அவனுக்கு வேணும். க்ளைமாக்ஸில் குண்டடிபட்டுச் சாவான். இந்த டெம்ப்ளேட்டுக்கு முக்கியமான மாடல், நிஜத்தில் வாழ்ந்த சிகாகோ தாதா அல் கபோன். ஆனா அவரை வீழ்த்தியது துப்பாக்கி இல்லை, ஒரு கணக்கு நோட்டு.

யார் இந்த கபோன்?

1899 ஜனவரி 17-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். அப்பா சலூன் வைத்திருந்தார். கபோன் 14 வயதில் பள்ளியை விட்டார். பிறகு கோனி ஐலண்டில் ஒரு பாரில் வேலை. அங்கே வந்த ஒரு பெண்ணிடம் அவர் தப்பாகப் பேச, அவருடைய சகோதரர் கபோனின் முகத்தில் கத்தியால் கீறிவிட்டார். 'ஸ்கார்ஃபேஸ்' என்ற பட்டப்பெயர் வந்தது அந்தத் தழும்பால்தான். போரில் பட்ட காயம் என்று கபோன் சொல்லிக்கொள்வார். அவர் ராணுவத்தில் இருந்ததே இல்லை.

மதுவிலக்கு தந்த ராஜ்ஜியம்

1920 ஜனவரி 17-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்று கபோனுக்கு 21-வது பிறந்தநாள். சட்டம் போட்டால் குடி நின்றுவிடுமா என்ன? சரக்கு கள்ளச்சந்தைக்குப் போனது. சிகாகோவில் ஜானி டோரியோவின் கேங்கில் இருந்த கபோனுக்கு இது ஜாக்பாட்.

ஏரியா பிரிப்பதில் வடக்கு சிகாகோ கேங்கோடு மோதல் முற்றியது. 1924 நவம்பரில் அந்த கேங்கின் தலைவர் டீன் ஓபேனியன், தன் பூக்கடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டே மாதத்தில் டோரியோ மீது துப்பாக்கிச்சூடு. உயிர் தப்பிய அவர், எல்லாவற்றையும் கபோனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது கபோனுக்கு வயது 26.

காதலர் தினப் படுகொலை

1929 பிப்ரவரி 14. வடக்கு கேங்கின் கராஜுக்குள் போலீஸ் வேஷத்தில் ஆட்கள் நுழைந்தார்கள். அங்கிருந்த ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்களில் ஒருவர் கார் மெக்கானிக், இன்னொருவர் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்தவர். வடக்கு கேங்கின் அப்போதைய தலைவர் பக்ஸ் மோரன் தாமதமாக வந்ததால் பிழைத்தார். கபோன் அன்று புளோரிடாவில் இருந்தார். சந்தேகம் முழுக்க அவர் மேல்தான். ஆனா இந்தக் கொலைகளுக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

உயிரோடு இருக்கும்போதே வில்லன்

கபோன் சாகும்வரை எழுத்தாளர்கள் காத்திருக்கவில்லை. 1931-ல் தொடங்கிய 'டிக் ட்ரேஸி' காமிக்ஸின் 'பிக் பாய்' அவருடைய சாயல்தான். 'டின்டின் இன் அமெரிக்கா'வில் சொந்தப் பெயரிலேயே வில்லனாக வருகிறார். 1932-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் நாயகனுக்கும் அவரே மாடல். படத்தின் முடிவில் அந்த தாதா போலீஸ் குண்டுகளுக்குப் பலியாகிறான்.

நிஜத்தில் நடந்தது?

சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரித்துறையின் ஃபிராங்க் வில்சன் அந்த வழியைப் பிடித்தார். முன்பு ஒரு ரெய்டில் சிக்கிய சூதாட்ட விடுதிக் கணக்கு நோட்டைத் தோண்டி எடுத்தார். அதை எழுதிய கேஷியரைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார். ஜூரிகளை விலைக்கு வாங்க கபோன் தரப்பு முயல்வதாகத் தகவல் வர, நீதிபதி ஜூரிகளையே மாற்றிவிட்டார். 1931 அக்டோபரில் 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம்.

பின்னர் அல்கட்ராஸ் சிறை. அங்கே சிஃபிலிஸ் நோய் அவருடைய மூளையைப் பாதித்தது. 1939-ல் விடுதலையானபோது பழைய கபோனாக அவர் இல்லை. 1947 ஜனவரி 25-ல், 48 வயதில், புளோரிடாவில் தன் பங்களாவில் குடும்பத்தார் சூழ இறந்தார்.

கோர்ட் அவருக்குக் கொடுத்த பெரிய தண்டனை வரி ஏய்ப்புக்கானது. கராஜில் செத்த ஏழு பேரின் வழக்கு கடைசிவரை தீர்ப்பு இல்லாமலே போனது. கதைகளில் வில்லன் ஒவ்வொரு முறையும் குண்டடிபட்டுச் சாவதை நாம் ஏன் ரசிக்கிறோம் என்பதற்கு, இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.