ஹாக்கியா? கிரிக்கெட்டா?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடும் பையன் காலையில் ஓர் ஆட்டம், மாலையில் வேறோர் ஆட்டம் ஆடலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். நாட்டுக்காக ஆடப் போகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படி ஓர் இக்கட்டில் சிக்கியவர் எம். ஜே. கோபாலன்.

செங்கற்பட்டு ஜில்லா மொரப்பாக்கம் கிராமத்தில் 1909-ம் ஆண்டு பிறந்தவர் இவர். சென்னையில் ஆடிப் பழகினார்.

இவர் வேகமாகப் பந்து வீசுவதைக் கண்டு வியந்தார் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் இவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். அந்த நாளில் ஆட்டம் சோறு போடாது, வேலைதான் போடும்!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் பந்தயத்தில் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். மைசூர் கோஷ்டி 48 ரன்னுக்கும் 59 ரன்னுக்கும் சுருண்டது. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது!

கோபாலன் ஹாக்கியிலும் புலி. 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கிக் கோஷ்டியில் இவரும் இருந்தார்.

மறு ஆண்டுதான் சோதனை வந்தது. பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம். அதே கோடையில் இங்கிலாந்தில் கிரிக்கெட் சுற்றுப்பயணம். இரண்டுக்கும் போக முடியாது. கோபாலன் கிரிக்கெட்டுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே நிஸாரும் அமர்சிங்கும் இருந்தார்கள். வேகப் பந்து வீச்சில் அவர்களைத் தாண்டி இடம் பிடிப்பது லேசல்ல. மூன்று டெஸ்டுகள் நடந்தன. ஒன்றில்கூட கோபாலனைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் இந்திய ஹாக்கிக் கோஷ்டி ஜெர்மனியை 8-க்கு 1 என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வென்றது.

இதை வைத்து அவர் தவறாக முடிவு செய்தார் என்று சொல்வது சுலபம். முடிவு தெரிந்த பிறகு யார்தான் சொல்லமாட்டார்கள்?

அதற்குப் பின் கோபாலனுக்கு டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றோடு சரி. ஆனாலும் சென்னைக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். பெரிய பந்தயங்களில் 194 விக்கெட்டுகள் எடுத்தார். சென்னையும் இலங்கையும் மோதுவதற்கு 1953-ல் ஒரு கோப்பை ஏற்பட்டது. அதற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள்.

2003 டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 94.