ரிப்பேர்க் கடை லியோ

எலக்ட்ரிக் கிட்டார் பத்திப் பேச ஆரம்பிச்சா, ரெண்டாவது நிமிஷம் ஃபெண்டர்ங்கிற பேரு வந்துடும். ஆனா அந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. படிச்சதும் இன்ஜினியரிங் இல்லை, கணக்குப் பதிவியல். சத்தம் நின்னுபோன பெட்டியைத் திறந்து, அது எங்கே நின்னதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அவருக்குக் கைவந்த கலை.

1909 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே ஒரு கட்டியால் இடது கண் போய், கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டார். ரேடியோ பைத்தியம் மட்டும் விடவில்லை. கணக்கர் வேலை பார்த்தார். பொருளாதார மந்தத்தில் அதுவும் போனது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டார்.

ரேடியோவோடு, இசைக்காரர்களின் ஆம்ப்பும் அங்கே வந்தது. ராத்திரி நிகழ்ச்சியை வச்சுக்கிட்டு ஊமையான ஆம்ப்போட நிக்கிறவனுக்குத் தியரி எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள சத்தம் வரணும், அவ்ளோதான். எந்த பாகம் அடிக்கடி போகுது, எதைக் கழட்டக் கஷ்டம்னு லியோ கத்துக்கிட்டது அந்த மேசையில்தான்.

1946-ல் தன் பெயரில் கம்பெனி தொடங்கியபோது அந்தப் பாடம் டிசைனுக்குள் வந்தது. பின்பலகையைக் கழட்டினால் வால்வுகள் கைக்கு எட்டும். எந்த இடத்தில் எந்த வால்வு என்று பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சேசிஸுக்குள் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒரே போர்டில் வரிசையாக நிற்கும்.

1950-களின் கடைசியில் வந்த சாம்ப் ஆம்ப்பை எடுத்துக்கோங்க. மூணே வால்வு: ஏசியை டிசி ஆக்க 5ஒய்3, சின்ன சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6. சத்தம் வரலையா? முதல்ல கேபிளையும் கிட்டாரையும் மாத்திப் பாருங்க. பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். விளக்கே எரியலைன்னா ஃபியூஸ். புது ஃபியூஸும் போச்சுன்னா, பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாத்தாதீங்க. 5ஒய்3-ஐ உருவிட்டு அதே அளவு ஃபியூஸைப் போடுங்க. இப்போ நின்னா, கோளாறு அந்த வால்வுல, இல்லை அதுக்கு அப்புறம்.

வால்வு ஒளிருது, ஸ்பீக்கர்ல லேசா ஹம் இருக்கு, கிட்டார் மட்டும் கேக்கலையா? பவர் பக்கம் உயிரோட இருக்கு; 12ஏஎக்ஸ்7 பக்கம் போங்க. ஹம்மே இல்லையா? ஸ்பீக்கர் வயர், 6வி6, 5ஒய்3, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்னு தேடுங்க. ஆம்ப்பை அணைச்சு, சூடு ஆறினதும், நல்லதுன்னு தெரிஞ்ச வால்வை ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாக்கணும். ஸ்பீக்கர் இல்லாம ஆம்ப்பை ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். அதுக்கும் மேல போகணும்னா சேசிஸைத் திறக்கணும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பாக்காம கை வச்சா உயிருக்கே ஆபத்து.

கிட்டாரிலும் அதே புத்திதான். 1950-களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டரின் கழுத்தை நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம், முழுக் கிட்டாரையும் தூக்கிப் போட வேண்டாம்.

உடம்பு படுத்தியதால், 1965-ல் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு விற்றார். உடம்பு தேறியதும் சும்மா உட்கார முடியவில்லை. வேறு கம்பெனிகளில் மறுபடி கிட்டாரும் ஆம்ப்பும் செய்தார். பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று இறந்தார்.

நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் ரிவ்யூ அன்னிக்கு ஓடினா போதும்னு, கழட்டவே முடியாத மாதிரி பசையைக் கொட்டி ஒட்டிடுறோம். லியோ செஞ்ச அந்தக் காலத்து ஆம்ப்புகள் இன்னிக்கும் பாடுதுன்னா, அதெல்லாம் கெடாம இருந்ததால இல்லை. கெட்டா சரி பண்ண முடிஞ்சதால. அடுத்த தடவை போர்டு போடும்போது, அதைத் திறக்கப்போற ஆளையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அநேகமா அது நீங்களாத்தான் இருக்கும்.